முன் சீற்றில் டொறத்தி

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிஷாந்தன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஜெர்மனியில், எசன் நகரத்தில் இருக்கும் எங்கள் முதியோர் வட்டத்துக்கு அவன்தான் செயலாளர். வட்டத்தில் தலை நரைக்காத ஒரே ஆள். அடுத்த நாள் ஆகன் நகரத்துக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்திருந்தார்கள். மழைக்குள் நின்று பழைய கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பதில் எனக்கு அக்கறையில்லை. வரவில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

"அன்ரி, நீங்கள் இடம் பாக்கப் போகவேண்டாம். ராசன் மாமாவைப் பாக்கப் போங்கோ," என்றான்.

விஷயம் இதுதான். வட்டத்தின் ஒன்பது சீற் வானை ராசன் ஓட்டுகிறார். இரண்டு மாதத்தில் அந்த வானில் மூன்று கீறல்கள். ஒவ்வொன்றுக்கும் ராசன் வேறு யாரையோ குற்றம் சொல்லியிருந்தார். போன ஞாயிறு தேவாலயத்துக்கு முன்னால் சைக்கிளில் வந்த ஒரு பெண் மயிரிழையில் தப்பினாளாம். பார்த்த ஆள் பெயர் சொல்லாமல் நிஷாந்தனுக்கு அறிவித்திருக்கிறார். ராசன் குடிக்கிறாரா, மறதி தொடங்கிவிட்டதா, வேறு ஏதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அவனுடைய தாய் தகப்பனை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்தவரே ராசன்தான்.

"சந்தேகமெண்டால் பயணத்தை நிப்பாட்டு," என்றேன்.

அது சரிவராதாம். எல்லாரும் ஆயத்தமாம். கமலாம்பிகை அக்கா இடியப்பத்துக்கு மா அரித்தும் வைத்துவிட்டாராம். "நீங்கள் முப்பது வரியம் வயது போன ஆக்களைப் பராமரிச்சனீங்கள், அன்ரி. உங்களுக்கு ஒரு பார்வையில விளங்கும். பிழை எண்டு கண்டால் திரும்பி வரேக்க அவரை ஓட விடாதேங்கோ."

ஒரு பார்வையில் ஒன்றும் விளங்காது. பராமரிப்பு வேலைக்குப் படித்தபோது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே அதுதான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்கு வான் ஆகனை விட்டுப் புறப்படும். அதற்குள், ஒன்பது உயிர் ஏறிய வாகனத்தை அந்த மனிதர் ஓட்டலாமா கூடாதா என்று நான் முடிவு சொல்லவேண்டும். போகும்போது என்ன செய்வது என்பதை அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அது என் பிழை.

ராசனை எனக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். மன்னார், பேசாலை ஆள். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். எங்கள் ஆட்களில் முதலில் இங்கே சாரதிப் பத்திரம் எடுத்த நாலைந்து பேரில் அவர் ஒருவர். பிறகு ஒரு சலவை நிறுவனத்துக்கு வான் ஓட்டினார். நான் வேலை செய்த முதியோர் இல்லத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறு மணிக்குப் பின்கதவால் வெளுத்த துணி கொண்டுவருவார், அழுக்குத் துணி கொண்டுபோவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு செவ்வாயும் பிந்தவில்லை. வீதி கண்ணாடிபோல் உறைந்த நாட்களிலும் ஆறு மணிக்கு மணி அடிக்கும்.

மிச்ச நேரமெல்லாம் அவர் எங்கள் எல்லாருக்கும் சாரதி. அகதி விடுதியிலிருந்து வீடு மாறியவர்கள், பிள்ளை பெறப் போனவர்கள், டோர்ட்மண்டுக்குப் பெண் பார்க்கப் போனவர்கள், செத்த வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போனவர்கள்தான். என் புருஷனின் சவப்பெட்டிக்குப் பின்னால் சனத்தை ஏற்றிப் போனதும் அவர்தான். பேச்சுக் குறைவு. யார் வீட்டுக்குப் போனாலும் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் தேத்தண்ணீர் குடிப்பார். ஒரு விழாவில் பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிட்டார்கள். வாகனம் பிழையான இடத்தில் நிற்கிறது, மாற்றிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

அவருக்கும் சேர்த்துக் கதைப்பவர் மனைவி டொறத்தி. முன் சீற்றில் செபமாலையும் கையுமாக இருந்து, செபத்தையும் வீதியையும் கலந்து சொல்லிக்கொண்டே வருவார். ஒரு மணி சொல்லி முடியும். "சிவப்பு விழுந்திட்டுது" என்பார். அடுத்த மணி தொடங்கும். றேடியோ டொறத்தி என்று அவருக்குப் பெயர். ராசனை நினைத்துப் பரிதாபப்படாதவர்கள் எங்கள் வட்டத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வான் என் வாசலுக்கு வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வலது முன்சில்லு நடைபாதைமேல் ஏறி இறங்கி நின்றது. குடையோடு வானை ஒரு தரம் சுற்றி வந்தேன். வலப்பக்கக் கண்ணாடியின் ஓரம் தேய்ந்து, அதில் மஞ்சள் பெயின்ற் ஒட்டியிருந்தது. இன்னொரு வாகனம் இடித்தால் இப்படி மஞ்சள் ஒட்டாது. வாகனத் தரிப்பிடங்களின் தூணுக்குத்தான் அந்த மஞ்சளை அடிப்பார்கள்.

"ஆரோ வேணுமெண்டு செய்யிறாங்கள், மலரக்கா," என்றார் ராசன். அவருக்கு அறுபத்தொன்பது, எனக்கு எழுபத்திரண்டு. தங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் மனுஷன்மேல் தனக்குச் சந்தேகம் என்றும், பொலிசுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். சொல்லும்போது முகத்துக்குக் கிட்டப் போய் மூச்சை முகர்ந்தேன். புதினா மிட்டாய் மணத்தது. காலையில் புதினா மிட்டாய் சப்பும் மனிதரை நான் நம்புவதில்லை.

அடுத்த தரிப்பில் கமலாம்பிகை அக்காவும் புருஷன் தியாகராசாவும் ஏறினார்கள். கமலாம்பிகை அக்காவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. அன்றைக்கு முன் சீற்றைத் தரும்படி டொறத்தியிடம் கேட்டார். டொறத்தி மாட்டேன் என்றுவிட்டார். பின்னால் இருந்தால் தனக்குத் தலை சுற்றும், சத்தி வரும் என்றார். ஆனால் போன மாதம் பஸ்ஸில் பின்சீற்றில் என்னோடு அரை மணித்தியாலம் வாய் ஓயாமல் வந்தவர் இதே டொறத்திதான். சத்தி ஒன்றும் வரவில்லை.

"முன் சீற்று என்ன, உமக்குச் சீதனமாத் தந்ததோ?" என்று கேட்டபடியே கமலாம்பிகை அக்கா காலைத் தூக்கித் தூக்கி என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். பின்வரிசைகளில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் மன்னார்ச் சகோதரிகள். செபத்துக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை. மற்றவர்கள் சைவம், கண்ணை மூடிக்கொள்வார்கள்.

நான் ராசனுக்கு நேர் பின்னால் இருந்தேன். கண்ணை மூடவில்லை. ஓட்டோபான் நெடுஞ்சாலையில் எல்லாரும் நூற்றிருபதில் போக, அவர் எண்பதில் போனார். மழைக்கு அது சரிதான். இரண்டு கையும் ஸ்ரியறிங் வளையத்தில் இறுக்கமாக இருந்தது. தலையைத் திருப்பிப் பக்கம் பார்க்கவேயில்லை. டொறத்தி செபத்துக்கு நடுவே, "இடப்பக்கம் லொறி ஒண்டு வருது, வரட்டும்," "இப்ப எடுக்கலாம்," "இஞ்சருங்கோ, அடுத்ததுதான் எங்கட பாதை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருமுறை ராசன் எரிச்சலோடு வாயைக் கொஞ்சம் மூடும்படி சொன்னார். செபமாலையில் ஒரு மணி உருளும் நேரம் மட்டும் டொறத்தி மூடினார். அதற்குள் வான் வெள்ளைக் கோட்டில் ஏறி, கடகடவென்று சத்தம் போட்டது. பின்னால் எல்லாரும் கண் திறந்தார்கள்.

நித்திரை தூங்குகிறாரோ என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். கண் நன்றாக விழித்திருந்தது.

ஆகனில் நிலத்துக்குக் கீழே ஒரு வாகனத் தரிப்பிடம். வாசலில் வானை நிறுத்தி, டொறத்தி இறங்கி முன்னால் நடந்து, இரண்டு கையாலும் வா வா என்று காட்டினார். உயரம் காணுமோ என்று பார்க்கத்தானாம். உயரம் வாசலில் பெரிய இலக்கத்தில் எழுதியிருந்தது. வானின் உயரம் ராசனுக்கு முன்னே ஒட்டியிருந்தது. இரண்டையும் நானே பின்னால் இருந்து வாசித்துவிட்டேன்.

வெளியே வந்தோம். குடைக்கு மேலே மழை, குடைக்குக் கீழே கல் பாவிய தெரு. தியாகராசா அண்ணை ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். கார்ல் பேரரசர் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் இங்கே தலைநகர் அமைத்தது, பேராலயம் கட்டியது எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னார். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் எனக்கு முன்னால் நடந்ததைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள். ராசனும் டொறத்தியும் கை கோத்து நடந்தார்கள்.

எங்கள் வயதில் எங்கள் ஆட்கள் கை கோத்து நடப்பதில்லை. புருஷன் நாலடி முன்னால் போவார், பெண்சாதி பையோடு பின்னால் போவார், அதுதான் வழக்கம். கமலாம்பிகை அக்கா தியாகராசா அண்ணையின் முழங்கையை இடித்து, "பாருங்கோ, மன்னாரில இப்பதான் கலியாணம் முடிஞ்சிருக்கு," என்றார். டொறத்தி திரும்பிச் சிரித்தார். கையை விடவில்லை. நான் கையைப் பார்த்தேன். கோத்த கை இல்லை அது. டொறத்தியின் பெருவிரல் ராசனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. படி வரும்போது அந்த விரல் அழுத்தியது. முதியோர் இல்லத்தில் நாங்கள் ஆளை நடத்துகிற பிடி அது.

அப்படியென்றால் மறதி என்று முடிவெடுத்தேன். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறும் ஆளை அப்படித்தான் பிடிக்கவேண்டும்.

பேராலய வாசலில் பெரிய வெண்கலக் கதவு இருக்கிறது. அதில் ஒரு சிங்க முகம். நகரத்தார் பேராலயத்தைக் கட்டி முடிக்கப் பேயிடம் உதவி வாங்கி, முதலில் உள்ளே நுழையும் உயிரைத் தருவோம் என்று சொல்லி, ஓர் ஓநாயை உள்ளே விட்டு ஏமாற்றினார்களாம். கோபத்தில் கதவை அடித்த பேயின் பெருவிரல் அந்தச் சிங்கத்தின் வாய்க்குள் அறுந்து கிடக்கிறதாம். எல்லாரும் விரலை உள்ளே விட்டுத் தடவினார்கள். நான் அந்த நேரத்தைப் பயன்படுத்தி ராசனிடம் பேச்சுக் கொடுத்தேன். இன்று என்ன திகதி, மகன் லக்ஸனின் பிள்ளைக்கு எத்தனை வயது, எங்கள் இல்லத்தின் பின்கதவு இலக்கம் என்ன என்று கதையோடு கதையாகக் கேட்டேன். எல்லாம் உடனே சொன்னார். பின்கதவுப் பூட்டின் நாலு இலக்கத்தையும் சொன்னார். நான் மறந்திருந்தேன். பேச்சில் குழறலோ வாயில் சாராய மணமோ இல்லை. ஆகவே குடியும் இல்லை, மறதியும் இல்லை.

உள்ளே போனதும் அவர் நின்றுவிட்டார். வெளியே சாம்பல் வெளிச்சம், உள்ளே மங்கல். மற்றவர்கள் அண்ணாந்து கூரையின் பொன் ஓவியத்தைப் பார்த்தபடி நடந்தார்கள். ராசன் கதவோரத்தில் ஒரு கையை ஊன்றி, மூச்சைப் பிடித்தவர்போல் இரண்டு நிமிடம் நின்றார். டொறத்தி பக்கத்தில் நின்று, சிலுவை போட்டுக்கொள்ளும்படி சொன்னார். பார்ப்பவர்களுக்குப் பக்திபோலத் தெரியும். எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. சீனி குறைந்துவிட்டதோ? பையிலிருந்து ஒரு குளுக்கோசு வில்லையை எடுத்துக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். தனக்குச் சீனி வியாதி இல்லை என்றார். கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை.

மதியம் எலிசபெத் ஊற்றின் தூண் மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். நிலத்துக்குள்ளிருந்து வரும் வெந்நீரில் கூழ்முட்டை மணம். இந்த மணத்துக்குள் தன் சம்பலை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று கமலாம்பிகை அக்காவுக்குக் கவலை. பிறகு கோப்பிக்கும் கழிவறைக்குமாக ஒரு கடைக்குள் போனோம்.

அங்கே ராசன் எனக்கு எதிரே இருந்தார். பலகாரப் பட்டியலைக் கையில் எடுத்து, அடியில் இருந்த பொடி எழுத்தை, எதில் பாதாம் இருக்கிறது எதில் இல்லை என்பதை, கண்ணாடி போடாமல் தியாகராசா அண்ணைக்கு வாசித்துக் காட்டினார். ஆகவே கண்ணும் இல்லை என்று அதையும் அடித்துவிட்டேன். என் பட்டியலில் இனி ஒன்றும் மிச்சமில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

அப்போது பரிமாறும் பெண் கோப்பிக் கோப்பையோடு அவருடைய இடப்பக்கத்தில் வந்து நின்றாள். நின்றுகொண்டேயிருந்தாள். ராசன் அசையவில்லை. அவள் பேசிய பிறகுதான் திடுக்கிட்டு முழு உடம்பையும் திருப்பினார். முழங்கை பட்டுக் கோப்பை சரிந்து மேசையெல்லாம் கோப்பி. "இந்தப் பிள்ளையள் இப்ப பூனை மாதிரி வருகுதுகள்," என்று முணுமுணுத்தார். டொறத்தி உடனே துடைத்தார். கடதாசி ஏற்கனவே கையில் இருந்தது. கோப்பை விழுவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறார்.

ஆகன் நகரத்தின் பேர்போன பலகாரம் பிறின்ரன் என்ற கல்லுப்போன்ற இனிப்பு பிஸ்கட். கமலாம்பிகை அக்கா அதைக் கடித்து, கட்டுப்பல்லைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு துண்டை எடுத்து, மேசைக்கு மேலாக ராசனின் இடது காதுக்கு நேரே நீட்டினேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வலது பக்கம் நீட்டினேன். அதுவும் இல்லை. மெல்ல மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். மூக்குக்கு ஒரு சாண் கிட்ட வந்தபிறகு, "ஆ, எனக்கோ?" என்று வாங்கினார்.

நேரே பார்ப்பது ஊசிமுனைவரை தெரிகிறது. பக்கம் தெரியவில்லை. குழாய்க்குள்ளால் உலகத்தைப் பார்க்கும் கண். கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் அப்படித்தான் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். என் பராமரிப்பில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் பொடி எழுத்து வாசித்ததைக் கண்டு ஏமாந்துபோனேன்.

நிமிர்ந்தேன். டொறத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிக் கழிவறைப் பக்கம் போனார். நானும் போனேன்.

"எத்தனை வரியமா, டொறத்தி?" என்று கேட்டேன்.

"மூண்டு." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அவருக்குத் தெரியாது, அக்கா."

நான் நம்பவில்லை. தன் கண் தெரியாதது ஒருவருக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்டேன். கேட்டவுடனேயே எனக்குப் பதிலும் தெரிந்தது. தெரியாது. இருட்டாக இருப்பதாக அந்த ஆட்களுக்குத் தோன்றாது. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். அதனால்தான் அவருக்குச் சைக்கிள்காரர்கள் எங்கிருந்தோ குதிக்கிறார்கள், மேல்மாடி மனுஷன் கண்ணாடியைக் கீறுகிறான், பெண்கள் பூனைபோல வருகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் தெருவில் ஒரு கிழவர் கடக்கும்போது ராசன் பிறேக் போடவில்லை. டொறத்தி கத்தினார், தப்பியது. அன்றிலிருந்து அவர் முன் சீற்றை யாருக்கும் விடவில்லை. வைத்தியரிடம் போகச் சொன்னபோதெல்லாம், பத்திரிகை வாசிக்கிற எனக்குக் கண்ணில் என்ன என்று ராசன் சிரித்திருக்கிறார்.

"எங்களை ஏத்திக்கொண்டு மூண்டு வரியம் ஓடவிட்டனீரே," என்றேன்.

"அவர் ஓடாட்டி எங்களை ஆரக்கா கூப்பிடப்போகினம்?" என்றார் டொறத்தி. "விழாவுக்கெண்டு ஆரும் கூப்பிட்டதோ? வாகனத்துக்குத்தானே கூப்பிடுறியள்."

அவர் சொன்னது உண்மை. அதனால் விஷயம் மாறிவிடாது. ஐந்து மணிக்கு அவர் ஓடமாட்டார் என்று சொன்னேன். டொறத்தி முதலில் கெஞ்சினார். வழமைபோலச் சொல்லிக்கொண்டு வருவேன், மெதுவாகப் போகலாம், கடைசித் தடவை என்றார். மழையில், இருட்டுக் கட்டிக்கொண்டு வரும் நேரத்தில், பின்னால் ஏழு பேர். முடியாது என்றேன்.

மற்றவர்களைத் தியாகராசா அண்ணையோடு நகர மண்டபம் பார்க்க அனுப்பினேன். கமலாம்பிகை அக்கா முழங்காலைச் சொல்லி மறுத்தார்; உள்ளே கதிரை இருக்கிறது என்று பொய் சொன்னேன். ராசனையும் டொறத்தியையும் கூட்டிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கினேன். ஆட்களுக்கு முன்னால் அவரைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் எதற்கென்று கேட்டார். உங்கள் கண்ணைப் பார்க்கவேண்டும் என்று நேரடியாகச் சொன்னேன்.

சிரித்தார். தூரத்தில் நின்ற ஒரு காரின் இலக்கத்தகட்டைப் பிழையில்லாமல் வாசித்தார். "காணுமோ, மலரக்கா?"

"என்ர மூக்கைப் பாருங்கோ. கண்ணை அசைக்கக்கூடாது. என்ர விரல் ஆடுறது தெரிஞ்சால் சொல்லுங்கோ."

இரண்டு கையையும் தோளுக்கு நேரே விரித்து விரலை ஆட்டினேன். அவர் என் மூக்கைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

"தொடங்குங்கோவன்," என்றார்.

நான் விரலை ஆட்டிக்கொண்டேயிருந்தேன். டொறத்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கைகளை மெல்ல மடக்கிக்கொண்டு வந்தேன். முகத்துக்குக் கிட்ட வந்தபோதுதான், "இப்ப தெரியுது. இப்பதானே கொண்டுவந்தனீங்கள்?" என்றார்.

"கை அப்பவே அங்கதான் நிண்டது, ராசன். அரை நிமிசமா ஆட்டுறன்."

அவர் நம்பவில்லை. நான் ஏதோ சூது செய்கிறேன் என்று முகத்தில் எழுதியிருந்தது. டொறத்தியைக் கூப்பிட்டு, அதே மாதிரி அவரைச் செய்யச் சொன்னார். டொறத்தி செய்தார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். மூன்றாவது தரம் முடிந்தபோது, கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மஞ்சள் தூணையும் பார்த்தார்.

"அப்ப நீ வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வாறது?" என்று மனைவியிடம் கேட்டார்.

டொறத்தி செபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"நீ கதைக்கிறதாலதான் எனக்குக் கவனம் சிதறுது எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன். மூண்டு வரியமா என்னை ஏமாத்திப் பேய்க்காட்டினனியோ?"

"பேய்க்காட்டேல்லை," என்றார் டொறத்தி. "பாதி நான் ஓடினனான்."

ராசன் வானைச் சுற்றி இடப்பக்கம் போனார். வானின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சாவி அவரிடம் இருந்தது. ஸ்டார்ட் செய்யவில்லை. வளையத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். இங்கிருந்து வாசல்வரைக்கும் மட்டும் எடுத்து விடட்டுமா என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு மற்றவர்கள் நனைந்து, சலித்து, கதிரை இல்லாத கதையைச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். டொறத்தி அவசரமாக முன்னால் போய், வானில் ஏதோ பழுது, ஸ்டார்ட் வருகுதில்லை என்று சொன்னார். தியாகராசா அண்ணை முன்மூடியைத் திறந்து பார்க்கலாமே என்று கிட்டப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. பழுது என்றே இருக்கட்டும், எப்படியும் ரயிலில்தான் போகப்போகிறோம் என்று நினைத்தேன்.

ராசன் இறங்கினார். "வானுக்கு ஒண்டுமில்லை," என்றார். "எனக்குத்தான் கண் தெரியுதில்லை. பக்கம் தெரியாது. இவ்வளவு நாளும் தெரியாமத்தான் உங்களை ஏத்திக்கொண்டு ஓடியிருக்கிறன்."

ஒவ்வொருவர் முகத்திலும் கணக்கு ஓடியது. எந்தப் பயணம், எந்த மழை, எந்தப் பேரப்பிள்ளை மடியில் இருந்தது என்ற கணக்கு. மன்னார்ச் சகோதரிகளில் மூத்தவர் சிலுவை போட்டுக்கொண்டார். கமலாம்பிகை அக்கா டொறத்தியை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கோ சீற்றுத் தராமல் விட்டனீர்? சொல்லியிருந்தால் நான் காலமை இறங்கி வீட்ட போயிருப்பன்," என்றார். சொல்லிவிட்டு, நிலையம் எவ்வளவு தூரம் என்று என்னிடம் கேட்டார்.

எங்களில் வேறு யாருக்கும் அந்த வானை ஓட்டத் தெரியாது. எசனுக்கு ஆகனிலிருந்து நேரடி ரயில் உண்டு. நிலையத்துக்கு மழையில் நடந்தோம். டொறத்தி கையை நீட்ட, ராசன் தட்டிவிட்டார். தனியே முன்னால் நடந்தார். சைக்கிள் பூட்டும் இரும்பில் காலை அடித்துக்கொண்டு நின்றார். டொறத்தி போகவில்லை. நான் போய், இல்லத்தில் பிடிக்கிற மாதிரி முழங்கைக்குக் கீழே பிடித்தேன். அவர் கையை இழுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ரயிலில் அவரும் டொறத்தியும் வேறு வேறு வரிசையில் இருந்தார்கள்.

வானை அடுத்த நாள் நிஷாந்தன் போய் எடுத்து வந்தான். கண் வைத்தியரிடம் நான்தான் டெர்மின் என்கிற முன்பதிவு எடுத்தேன். நாலு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்; கதவடியில் போய் நின்று நாலு நாளில் எடுத்தேன். கண் அழுத்தம்தான். சொட்டு மருந்து போட்டால் இருப்பது நிற்கும், போனது வராது என்றார்கள். மேல்மாடி மனுஷனுக்கு எதிராக எழுதிய கடிதத்தை ராசன் திருப்பி வாங்கினார். சாரதிப் பத்திரத்தையும் தானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தார். கண் வைத்தியர் அவருக்கு அறிவுரைதான் சொல்லியிருந்தார், யாரும் பறிக்கவில்லை.

வட்டத்துக்கு இப்போது வேறு ஒருவர் வான் ஓட்டுகிறார். முதல் பயணத்துக்கு ராசனையும் டொறத்தியையும் கூப்பிடும்படி நிஷாந்தனிடம் சொன்னேன். கூப்பிட்டான். டொறத்தி வந்தார், பின்வரிசையில் இருந்தார். ராசன் வரவில்லை. மனைவியோடு சமாதானமாகிவிட்டாராம். என்னோடு பேசுவதில்லை. அது அவர் விருப்பம். ஒன்பது பேர் வீடு வந்து சேர்ந்தார்கள்; எனக்கு அது போதும்.

போன கிழமை பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். தனியே நின்றார். நான் போய் இடப்பக்கத்தில், இரண்டடி தள்ளி நின்றேன். பஸ் வரும்வரைக்கும் அவர் திரும்பவில்லை. என்னைக் காணவில்லையா, கண்டும் காணாததுபோல் நின்றாரா என்று தெரியாது. நான் சோதித்துப் பார்க்கவில்லை.